பஸ் ஏறும்போது சொன்ன சொல்

அபி,

போன மாதம் அரியலூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையில் சேர, பாடாலூர் ஸ்டாப்பிங்கில் நீ பஸ் ஏறும்போது, உங்கப்பா உன் பெட்டியை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, உன் காதில் நான் ஒன்று சொன்னேன். "புது எடம்டி. யாருகிட்டயும் சொல்லிக்காத. ஒரு வருஷம் போவட்டும்." நீயும் தலையாட்டிவிட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாய். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரம், தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மெஷினைத் திட்டிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. உன் இரண்டாம் வகுப்பில் யாழினி என்று ஒரு குழந்தை. காய்ச்சல் என்று லீவு போட்டவள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, பாதி உடம்பாகத் திரும்பி வந்திருக்கிறாள். உனக்குச் சின்ன வயதில் வந்த அதே சர்க்கரை நோய், இனி அவளுக்கும் தினமும் இன்சுலின் ஊசிதான். அவள் அம்மா உன்னை வராந்தா மூலைக்குக் கூப்பிட்டு, "மிஸ், ஒங்களுக்கு மட்டும் சொல்றேன், வேற யாருக்கும் தெரிய வேணாம். பொம்பளப் புள்ள. மத்தியானம் நானே வந்து பாத்ரூம்ல வச்சு ஊசி போட்டுட்டுப் போயிடறேன். வெளிய தெரிஞ்சிச்சுன்னா புள்ளைய நிறுத்திப்புடுவேன் மிஸ்" என்றாளாம். இதை அப்படியே சொல்லிக் காட்டினாய் நீ. பிறகு, "அவங்களுக்கு நான் என்னம்மா சொல்றது? நானே இங்க ஸ்டாஃப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுத்தானே போட்டுக்கறேன்" என்றாய். "சரி, பாத்து இரு" என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னவளே நான்தானே.

ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். தை மாதம் துறையூர்ப் பக்கத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தம்ளரை அவர்கள் கீழே வைப்பதற்குள், "எனக்கு ஒன்பது வயசுலேர்ந்து சுகர் இருக்குங்க, இன்சுலின் போட்டுக்கறேன்" என்று நீயே சொல்லிவிட்டாய். போய்ப் போன் பண்ணுகிறோம் என்று போனவர்கள்தான். அவர்கள் போன் எங்கேயோ தொலைந்துவிட்டது போலிருக்கிறது, பாவம். உங்கப்பா, "வுடு, பஜ்ஜியாச்சும் நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனானுங்க" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நீ அப்படி நிமிர்ந்து சொன்னது எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே போய் நீ பட்டுப்புடவையை மடித்து வைத்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் பஸ் ஸ்டாப்பிங்கில் அப்படிச் சொன்னேன்.

அந்த யாழினி அம்மாவை நீ கோபித்துக்கொள்ளாதே. படித்தவர்கள்கூட இப்படியா என்று போனில் கேட்டாய். பயத்துக்குப் படிப்பு என்னடி தெரியும்? உனக்கு வந்த புதிதில் நாங்கள் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார். நாலாவது படிக்கும்போது நீ ஓயாமல் தண்ணீர் கேட்டாய், துணி தொளதொள என்று ஆகும் அளவுக்கு இளைத்தாய். நான் உன் பாவாடையைப் பிரித்துப் பிரித்து இடுப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தேனே தவிர, ஏன் இளைக்கிறாய் என்று யோசிக்கவில்லை. வெயில் என்றேன், பூச்சி என்றேன், கண் பட்டுவிட்டது என்றேன். உங்கப்பா எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டரிலிருந்து நல்ல கரும்பாக உருவி வந்து, சாறு பிழிந்து தம்ளர் தம்ளராகக் கொடுத்தார். நீயும் குடித்தாய். ஒருநாள் எழுப்ப எழுப்ப எழவில்லை, திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விஷயம் தெரிந்ததும் அவர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுத அழுகையில், டாக்டரம்மாவே வெளியே வந்து, "சாறு குடிச்சதால வர்றதில்லைங்க இது. நீங்க எதுவும் தப்புப் பண்ணல" என்று அவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் அவர் கரும்பைக் கடித்து நீ பார்த்திருக்க மாட்டாய். ஜிலேபி விஷயம் வேறு. அதை அவர் ஆலை கேட்டுக்கு வெளியே நின்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். நீ அவர் துண்டை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிப்பாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், பள்ளிக்கூடத்தில் உனக்கு வயிற்றில் புண் என்று சொல்லி வைத்தேன். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். சர்க்கரை என்று சொன்னால் ஊர் முழுக்கப் பரவும், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் எவனாவது சொல்லிவிடுவான் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்போதே கணக்குப் போட்டேன். மத்தியானம் நானே வந்து பாத்ரூம் மறைவில் ஊசி போட்டேன். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, உன் பாவாடைப் பட்டிக்கு உள்பக்கம், வெளியே தெரியாமல் ஒரு சின்னப் பை தைத்து அதில் சர்க்கரைப் பொட்டலம் வைத்தேன். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தேன் தெரியுமா, தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. ஆனால் அதை எடுக்க வேண்டுமென்றால் நீ சட்டையைத் தூக்க வேண்டும். பையன்கள் இருக்கிற வகுப்பில் எந்தப் பெண்பிள்ளை சட்டையைத் தூக்குவாள்? வாரக் கடைசியில் துவைக்கப் போடும்போது பொட்டலம் வைத்தபடியே இருக்கும். நல்லவேளை, தேவைப்படவில்லை போல என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

நீ நாலாவது முடிக்கிற பங்குனியில் நடந்தது உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். மீதியை நான் சொல்கிறேன். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, அன்றைக்குப் பால்குடம். பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போகும். வழக்கம்போல் பாத்ரூம் மறைவில் உனக்கு ஊசி போட்டுவிட்டு, "போயி ஒடனே சாப்புடு" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடி வந்தேன். மஞ்சள் ரவிக்கையாகக் குவிந்து கிடந்தது. நீ டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் பம்பைச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கு ஓட, நீயும் ஓடிவிட்டாய். யாரும் உன்னைத் தடுக்கவில்லை. வயிற்றுப் புண் பிள்ளை கொஞ்சம் தாமதமாகச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்? ஊசி போட்ட பிள்ளை சாப்பிடாமல் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. நான் தெரியவிடவில்லை.

பால்குடம் மெதுவாகத்தானே நகரும். அதற்குள் உனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது, கால் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் ஆடினாய். பம்பை அடிக்கிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை அப்படி நின்றால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? "ஆத்தா வந்துட்டா!" என்று ஒருத்தி கத்த, குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், பம்பைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். ஒருத்தி உன் காலில் விழுந்து, "தாயி, எம்மவனுக்கு இந்த வருஷமாச்சும் வேல கெடைக்குமா, சொல்லு தாயி" என்று கேட்டாளாம். நீ திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "பசிக்குது." அதற்கும் விளக்கம் சொல்லிவிட்டார்கள். "போன வருஷம் கெடா வெட்டாம வுட்டுட்டோம்ல, அதான் ஆத்தா பசிக்குதுங்கறா." இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் பிள்ளை பசிக்கிறது என்று சொல்லச் சொல்ல ஊரே கும்பிட்டுக்கொண்டு நின்றதை நினைத்தால், சிரித்த வாயாலேயே அழுகையும் வந்துவிடுகிறது.

கடைக்குப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "அபியம்மா, குடுத்து வச்சவ நீ! ஓம்பொண்ணு மேல ஆத்தா எறங்கியிருக்கா, வந்து பாரு!" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கையில் கத்திரியோடு ஓடியிருக்கிறேன், அதுகூடப் பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், உன் வகுப்பு வாத்தியார் குணசேகரன் சாரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார். "அது சாமி இல்ல! அவளுக்குச் சுகரு! ஊசி போட்டுட்டுச் சாப்புடல!" என்று கத்தினேன். அத்தனை நாள் பொத்தி வைத்ததை, மைக் செட் இல்லாத குறையாக நானே ஊருக்கு அறிவித்தேன். உள்பையைத் துழாவினேன். சர்க்கரை மஞ்சள் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. ஒருத்தி அம்மனுக்குப் படைக்க இடுப்பில் பானகக் குடம் வைத்திருந்தாள். வெல்லம் கரைத்த தண்ணீர்தானே, பிடுங்கிவிட்டேன். "படைக்காததுடி, தொடாத!" என்று அவள் அலற அலற, உன்னை உட்கார வைத்து உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிக் குடிக்க வைத்தேன். விழுங்குகிற அளவுக்கு உனக்கு நினைவு இருந்தது, அது என் நல்ல நேரம். கொஞ்சம் பொறுத்துக் கண் அசைந்தது. என்னைப் பார்த்தாய், உன் மேல் வடிகிற தண்ணீரைப் பார்த்தாய். "அம்மா, மழ பேஞ்சுச்சா?" என்று கேட்டாய்.

அன்று சாயங்காலம் குணசேகரன் சார் கடைக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் தலையைத் தூக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். அவர் திட்டவில்லை. "கும்புட்டுக்கிட்டு நின்னேம்மா. தெனம் பாக்குற புள்ள, எங்கிட்டப் படிக்கிற புள்ள, பசிக்குதுங்குது. நான் கும்புட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றார். ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. கிளம்பும்போது, "நாளைக்குக் கிளாசுக்கு வந்து பசங்ககிட்டயே சொல்லுங்க. அதுங்களுக்குத் தெரிஞ்சாப் போதும், அதுங்க பாத்துக்கும்" என்றார்.

மறுநாள் வகுப்பில் வந்து நின்றேன். ரவிக்கைக்கு அளவு சொல்லத் தெரியுமே தவிர, நாற்பது பிள்ளைகள் முன்னால் பேச எனக்கு எங்கே தெரியும்? "அபிக்கு ஒடம்புல இன்சுலின் ஊறாது, அதனால ஊசி" என்று சொல்லி முடிப்பதற்குள் கேள்வி மேல் கேள்வி. ஒட்டிக்குமா? வலிக்குமா? அவ செத்துப் போயிடுவாளா? நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். நீதான் எழுந்து, "லூசு, ஊசி போட்டுச் சாப்புட்டா ஏன்டா சாவறேன்? நான் ஒளறுனா, வேர்த்தா, பேசாம மொறச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா ஒடனே குளுக்கோஸ் குடுங்க. தனியா வுட்டுட்டுப் போவாதீங்க. மயங்கி வுழுந்துட்டா மட்டும் வாயில எதுவும் ஊத்தாதீங்க, சாரக் கூப்புடுங்க, 108க்கு போன் பண்ணச் சொல்லுங்க" என்று கடகடவென்று சொன்னாய். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் நான் கேட்டுப் பயந்துகொண்டிருந்தபோது, நீ கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாய்.

அதன் பிறகு, ஐந்தாவது முடிகிற வரைக்கும் அந்த வகுப்பு உன்னைப் பார்த்துக்கொண்ட அழகு இருக்கிறதே! சார் மேசைக்குப் பக்கத்து பெஞ்சு உனக்கு. மேசை டிராயரில் குளுக்கோஸ் டப்பா. விளையாட்டு பீரியட் என்றால் முதலில் நீ எதையாவது தின்ன வேண்டும், அப்புறம்தான் பந்து வெளியே வரும். பரீட்சை ஹாலில் உன் மேசையில் மட்டும் தண்ணீரும் பிஸ்கட்டும் இருக்கும். சாப்பாட்டு மணி அடித்தால், நீ ஊசி போட்டு முதல் வாய் வைக்கிற வரைக்கும் உன் பெஞ்சில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். குளுக்கோஸ் டப்பாதான் நிற்கவே இல்லை. வகுப்பில் தினம் ஒருத்தனுக்குத் தலை சுற்றியது. "எனக்கு வர்ற மயக்கத்தவிட அவனுங்களுக்கு வர்ற மயக்கம் ஜாஸ்தியா இருக்கு சார்" என்று நீ புகார் கொடுத்து, டப்பாவுக்குக் காவல் போட்டார்கள். எல்லாரும் நல்லவர்களாக இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு அம்மா வந்து தன் பிள்ளையை உன் பக்கத்திலிருந்து மாற்றச் சொன்னாள். நீ அன்றைக்குச் சாப்பிடாமல் அடம்பிடித்தாய். இரண்டு நாளில் அந்தப் பிள்ளையே பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறாவதுக்குப் புது யூனிபார்ம் தைக்கும்போது நீ சொன்னாய், "பைய வெளிப்பக்கம் வையும்மா. பூப்போட்டு வை." சிவப்பு நூலில் பூப்போட்டு வைத்தேன். பெண்பிள்ளைகள் பாவாடையில் பையா என்று பார்த்துவிட்டு, உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் பை வைக்கச் சொல்லி வந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் பஸ் ஸ்டாப்பிங்கில் நான் உனக்குத் திரும்பவும் அந்த உள்பையைத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். என் பயம் எனக்குள்ளேயே கிடக்கட்டும் அபி, அதை உன் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கக் கூடாது. நீ சொன்னால் ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆகலாம். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி முகத்தைச் சுளிக்கலாம். இன்னொரு துறையூர்க்காரன் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போகலாம். போகட்டும். உனக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்து வருகிறவன் வந்தால் போதும், நான் காத்திருக்கிறேன். ஆனால் அங்கே அரியலூரில் ஏழு வயதில் ஒரு பிள்ளை, நடுங்கினால் ஏன் நடுங்குகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாத இடத்தில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அதற்குக் காத்திருக்க நேரமில்லை.

ஒன்று மட்டும் கேள். யாழினி அம்மாவின் ரகசியத்தை நீ உடைக்காதே. அது அவளுடையது. நீ போட்டு உடைத்தால், பயத்தில் பிள்ளையை நிஜமாகவே நிறுத்திவிடுவாள், நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். உன்னுடையதைச் சொல். அவளை உட்கார வைத்து, "எனக்கும் இதுதாங்க, இவ வயசு மாதிரி இருக்கும்போதே வந்துச்சு, நான் காலேஜ் முடிச்சு மிஸ்ஸா வந்து நிக்கிறேன் பாருங்க" என்று சொல். அதற்கு மேல் சட்டம் பேசாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளையோடு இருக்கிற பி.டி. சாருக்கும் ஆயாவுக்கும் ஹெச்.எம்முக்கும் மட்டுமாவது சொல்ல அனுமதி கேள். வகுப்புக்கு எப்போது சொல்வது என்பதை அவளும் பிள்ளையும் முடிவு செய்யட்டும். அதுவரைக்கும் உன் மேசையில் குளுக்கோஸ் இருக்கட்டும். யாழினியின் இடுப்பளவைக் கேட்டு அனுப்பு, நான் பை தைத்து அனுப்புகிறேன். உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அவர்கள் சொல்கிறபடி தைக்கிறேன், நான் வாய் திறக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு என் போன் நம்பரையும் கொடு. பால்குடத்துக் கதையை நான் சொன்னால் சிரித்துவிட்டாவது போவாள்.

உங்கப்பா எட்டிப் பார்த்து, "என்ன, ரவிக்கைக்குத் துணி பத்தலன்னு தாள்ல தைக்கிறியா?" என்கிறார். உனக்கு எழுதுகிறேன் என்றதும், அரியலூரில் சிமெண்ட் லாரித் தூசி ஜாஸ்தி, மூக்கை மூடிக்கொண்டு போகச் சொல் என்கிறார். சொல்லிவிட்டேன். ஊசி மருந்தை ஜன்னல் பக்கம் வைக்காதே, அங்கே வெயில் விழும். இது நான் சொல்வது.

இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள், யாழினி அம்மா வரும்போது, பாத்ரூம் பக்கம் போவதற்கு முன்னால் உன் வகுப்புக்குக் கூப்பிடு. உன் நாற்காலியை யாழினி பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார். சாப்பாட்டு மணி அடித்ததும் உன் ஊசியை எடுத்து உனக்குப் போட்டுக்கொள். அப்புறம் டிபனைத் திறந்து முதல் வாய் சாப்பிடு. அந்தப் பிள்ளை பார்க்கட்டும், அவள் அம்மாவும் பார்க்கட்டும். கதவைச் சாத்தாதே, அபி.

உன் அம்மா